உதறுகல் வாசல்

இந்த வீட்டில் துணி காயாது. முதலமடையில் நான் பிறந்த வீட்டில் ஒரு புடவையைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிழிவதற்குள் முதல் புடவை மொரமொரத்துவிடும். கல்யாணமாகி வந்த இந்த மலையிலோ ஆடியில் நனைத்த போர்வை ஆவணியிலும் ஈரமாகவே கிடக்கும். போர்வை மட்டுமா, தீப்பெட்டி, உப்பு, தலையணை எல்லாம் ஈரம். வந்த முதல் மாதமே எனக்கு மூச்சு முட்டியது. என்றைக்காவது ஒருநாள் இந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தவள், மகள் பிறந்து வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. உலை கொதிக்கும் நேரத்தில்கூட ரோட்டுக்குப் போய், போடிமெட்டுப் பக்கமிருந்து கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் ஜீப்புகளைப் பார்த்துவிட்டு வருவேன். "இவளுக்குக் கால்ல சக்கரம் கட்டிப் பெத்துப் போட்டுட்டாக" என்று அத்தை, அதாவது என் மாமியார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் 'ஏனுங்க', 'சொல்லுங்க' என்று பேசுவதும் அவருக்குச் சிரிப்புத்தான். கடையில் வெங்காயம் வாங்கும்போதுகூட என்னைப் போல 'ங்க' போட்டு விலை கேட்பார். கோபம் வரும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்காது.

ஊருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் ஜீப்காரர்கள் வெள்ளிக்குழி என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு கம்பெனி வந்து இங்கே மலையைக் குடைந்தது. ஈயம் நிறையக் கிடைத்ததாம், வெள்ளி கொஞ்சம் கிடைத்ததாம். அந்தக் கொஞ்சமும் தீர்ந்ததும் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். குழியைச் சுற்றி ஏலக்காய் முளைத்தது. இப்போது அந்தக் குழி, முள்வேலி போட்ட, தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம். மழைக்காலத்தில் தவளைச் சத்தம் காதைக் கிழிக்கும்.

கம்பெனி விட்டுப்போன வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். பங்களா என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அது பங்களாவாகத் தெரிந்ததே இல்லை. குழிக்கும் ரோட்டுக்கும் நடுவே, குறுக்கே படுத்துக் கிடக்கிற நீளமான கல் வீடு. நடுவில் ஒரு அகலமான நடை. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம் என்பதால், குழியில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அந்த நடை வழியாகத்தான் ரோட்டுக்குப் போக முடியும். அதாவது வீடு என்று கட்டியதே ஒரு வாசல்தான். கம்பெனி போனபோது என் வீட்டுக்காரரின் முப்பாட்டனைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனது. அவரும் குழியில் இறங்கிய ஆள்தான். யாரும் திரும்பி வரவில்லை, அவர் இருந்துவிட்டார், பிறகு வீட்டுக்கு அவர் பேரில் பட்டயமும் கிடைத்தது. அந்த நடையில்தான் எங்கள் டிவி, சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கின்றன.

நடை முடிந்து ரோட்டுப் பக்கம் இறங்குகிற இடத்தில் ஒரு பெரிய தட்டைக் கல் பதித்திருக்கும். உதறுகல் என்று பெயர். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் அந்தக் கல்லில் ஏறி நின்று உதறிவிட்டுத்தான் போக வேண்டும். பெண்கள் முந்தானையை விரித்து உதற வேண்டும், கொண்டையை அவிழ்த்து விரலால் கோதி மறுபடி முடிய வேண்டும். ஆண்கள் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, வேட்டி மடிப்பைத் தட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் இருக்கும். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு இறங்க வேண்டும்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது அத்தைதான். தலைமுடியில் கண்ணேறு தங்குமாம், கோதினால் விழுந்துவிடும். மடியில் கவலை தங்கும். வாயில் கெட்ட சொல் தங்கும். குழிக்குள் இருக்கும் அம்மன் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு நம்மை வெறுமையாக, சுத்தமாக அனுப்பிவைப்பாள். மாமனார் கல்யாணமான புதிதில் தன்னிடம் இப்படிச் சொன்னதாக அத்தை சொல்வார். சொல்லும்போது அந்த வயதிலும் முகத்தில் ஒரு வெட்கம் வரும். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே காரியம் அதுதான், ஏனென்றால் வெளியே கிளம்புகிறவர்கள்தானே அதைச் செய்ய முடியும்.

என் அப்பாவுக்கு மட்டும் அது ஆகவே இல்லை. முதல் சீருக்கு ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தவர், கிளம்பும்போது அத்தை சட்டைப் பையை உதறச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, நானென்ன உங்கூட்டுல எதையாச்சும் எடுத்துட்டுப் போறனுங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் தோட்டத்தில் மாங்காய் பறிக்க வருகிறவர்களைச் சாயங்காலம் அப்படிப் பார்த்து அனுப்புகிற ஆட்கள் உண்டு. அந்த நினைப்பில் கேட்டிருப்பார். எனக்கு மானம் போயிற்று. அத்தையோ கோபப்படாமல் அம்மன் கதையைச் சொன்னார். அப்பா அரை மனதாக ஒரு தட்டு தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மாமனார் இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, போன வருஷ மழை விட்ட சமயத்தில், கொச்சியிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து விருந்தினர் தங்கும் இடமாக மாற்றுகிறவர். பணிவான மனிதர். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். கம்பெனி விவரமெல்லாம் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். எங்களைவிட அவருக்கு எங்கள் வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. கேட்டதைக் கொடுத்து நீண்ட குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் முதலமடைக்குப் பக்கத்தில் சித்தூரில் காலேஜில் படிக்கிறாள். அங்கே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தேன். மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயில். என் வீட்டுக்காரர் அங்கே என் அண்ணனோடு சேர்ந்து மாங்காய் வியாபாரம் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்கும் ஏலக்காய் விலையோடு மல்லுக்கட்டிச் சலித்துவிட்டது. பெட்டிகளை இறக்கித் துடைத்தேன். மதியத்தில் பாத்திரம் கட்டுவேன், சாயங்காலம் சமைக்க வேண்டுமே என்று அவிழ்ப்பேன். எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பாக இருந்தது.

கொச்சிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அத்தை இங்கேயே இருக்க வேண்டும். வேலை ஒன்றும் இல்லை, சமையலுக்கும் துணைக்கும் ஆள் போட்டுக்கொடுப்பார். விருந்தினர் வரும்போது அந்த உதறுகல் வழக்கத்தை அத்தை செய்து காட்டினால் போதும். வீட்டுக்கு உயிரே அதுதான் என்றார். அத்தைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவருக்கு எங்களோடு வர இஷ்டமே இல்லை, மாமனார் இருந்த வீட்டை விட்டு எங்கே போவது என்று ஏற்கெனவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்கும் நல்லதாப் போச்சு பாத்தியா, ஒனக்கு வெயிலு, எனக்கு அம்மன்" என்றார். எனக்குத்தான் அவரைவிட அதிகச் சந்தோஷம்.

கையெழுத்துக்கு முன்னால் ஒத்திகை மாதிரி சில விருந்தினரை அழைத்து வந்தார்கள். கொச்சிக்காரரிடம் வேலை பார்க்கும் ஒரு இளம்பெண் அவர்களுக்கு எல்லாம் சுற்றிக் காட்டினாள். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, செம்பை விளக்கிப் பளபளவென்று வைத்துக்கொண்டு, கல்லருகே காத்திருந்தார். நான் காப்பித் தட்டோடு நடையில் நின்றேன்.

அந்தப் பெண் இங்கிலீஷில் பேசினாள். நான் பி.காம். படித்தவள், கொஞ்ச காலம் நர்சரிப் பள்ளியில் பாடமும் எடுத்திருக்கிறேன், அவள் பேசியது ஒன்றுவிடாமல் புரிந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் கூலிகளை இந்தக் கல்லில் ஒவ்வொருவராக ஏற்றிச் சோதனை போடுவார்களாம். வெள்ளிக் கல்லை முடிக்குள் செருகியிருக்கிறார்களா என்று பெண்களின் கொண்டையை அவிழ்ப்பார்களாம். மடியை உதறச் சொல்வார்களாம். கன்னத்தில் ஒதுக்கியிருப்பார்கள் என்று வாயில் தண்ணீர் ஊற்றித் துப்பச் சொல்வார்களாம். சந்தேகம் வந்தால் எல்லோர் முன்னாலும் துணியை அவிழ்த்துப் பார்ப்பார்களாம். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, இந்தக் குடும்பம் இன்றும் அதைச் செய்கிறது, ஏன் செய்கிறோம் என்று இந்த அம்மாவுக்குத் தெரியாது, ஆசீர்வாதம் என்று நினைக்கிறார், பாருங்கள் என்றாள்.

அத்தை சிரித்துக்கொண்டே கல்லில் ஏறினார். முந்தானையை விரித்து உதறினார். கொண்டையை அவிழ்த்தார். நரைத்த முடி தோளில் விழுந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அத்தை என்னிடம் வந்து, "பாத்தியாத்தா, அந்தப் புள்ள அழுதுருச்சு. அம்புட்டு பக்தி" என்றார்.

வீட்டுக்காரர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தார். நேரே அவரிடம் போய், அந்தப் பெண் சொன்னது நிஜமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இவருக்குத் தெரியும், இவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. நான் விடவில்லை, வாய்க்கு வந்தபடி கேட்டேன். என் தலைமுடியையும் தினமும் அவிழ்க்கவிட்டுப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"கல்யாணமாகி வந்த அன்னைக்கே அம்மா கேட்டுச்சாம், எதுக்கு ஒதறணும்னு" என்றார் அவர். "வந்த பொண்ணுகிட்ட, எங்க பாட்டிமார அவுத்துப் பாத்த எடம் இதுன்னு அப்பா எப்படிச் சொல்லுவாரு? அம்மன்னு ஒரு கதையச் சொல்லிட்டாரு."

அப்படியானால் நிறுத்தியிருக்கலாமே என்றேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டி வருமே என்றார். சோதனைக்குத் தப்பினால் அடி விழும் என்று அந்தக் காலத்துத் தாய்மார்கள் குழந்தைகளைக்கூடப் பழக்கிவைத்தார்களாம். கம்பெனி போன பிறகும் கை கேட்கவில்லையாம், கிளம்பும்போது தானாக உதறியதாம். அது அப்படியே வந்துவிட்டது. இத்தனை நாளாக அம்மா சந்தோஷமாகத்தானே இருக்கிறது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, சொன்னால் குத்தகையும் போகும், சித்தூரும் போகும், பார்த்துக்கொள் என்றார்.

அந்த இரண்டு நாளும் நான் நானாக இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வெயிலுள்ள ஊருக்குப் போய்விடலாம். அத்தை இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருப்பார். வருகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டு வருவார்கள், அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு சமையலறைக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். என்னை யாராவது அப்படி நிறுத்திவைத்திருந்தால் கொன்றுபோட்டிருப்பேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மருமகள் இப்போதே சித்தூருக்குப் போய்விட்டாள், உடம்பு மட்டும்தான் இங்கே இருக்கிறது என்று கேலி செய்தார். அந்தக் கேலிதான் என்னைக் கவிழ்த்தது.

மத்தியானம் நடையில் உட்கார்ந்து வட்டவடையிலிருந்து வந்த பூண்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கை எடுத்துக்கொண்டேன். "அத்தை, அந்தப் பொண்ணு இங்கிலீஷுல என்ன சொல்லுச்சுன்னு உங்களுக்குச் சொல்லோணுங்க" என்று ஆரம்பித்து, நடுவில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அத்தை பூண்டை உரித்துக்கொண்டே கேட்டார். முடி, மடி, வாய் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் கை வேகம் குறைந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவுகளுக்குத் தெரியுமா?"

மாமனாரைத்தான் கேட்டார். தெரியும் என்றேன். உங்களிடம் சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. உரித்த பூண்டையும் தோலையும் ஒன்றாகக் கலந்து அளைந்துகொண்டிருந்தார்.

"அவுகளத் தூக்கிட்டுப் போனாகள்ல," என்றார். "அந்தக் கல்லுல எறக்கி வைக்கச் சொன்னேன். கோடித் துணிய நாந்தான் ஒதறினேன். வாய்க்கரிசி போட்ட வாயி, அதையும் தண்ணி தொட்டுத் தொடச்சேன். ஒரு கொறையும் இல்லாம போகட்டும்னு செஞ்சேன். சோதனை போட்டுல்ல அனுப்பிருக்கேன், எம்புருசன."

அந்த அளவுக்கு நான் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் நின்றேன், செம்பை நீட்டியதே நான்தான். அத்தையின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். கோபமாக இழுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எனக்கு வலித்தது.

மறுநாள் காலையில் போடிக்குத் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மகன் வாசலை மறித்து நின்று என்னென்னவோ சொன்னார். அத்தை அவரைத் திட்டவில்லை, சரி சரி என்று அவர் தோளைத் தட்டினார். ஜீப் வந்தது. நடையைத் தாண்டி அந்தக் கல்லுக்கு வந்ததும் அத்தையின் கால் நின்றது, நான் பார்த்தேன். வலது கை முந்தானைக்குப் போயிற்று. இடது கையால் அந்த வலது கையைப் பிடித்து மாரோடு அழுத்திக்கொண்டு, தண்ணீரில் இறங்குகிறவரைப் போல ஒவ்வொரு அடியாக வைத்துக் கல்லைத் தாண்டி ரோட்டில் இறங்கினார்.

கொச்சிக்காரர் நல்லவர்தான், வருத்தப்பட்டார். ஆனால் அம்மா இல்லாமல் இந்த வீட்டில் அவருக்கு ஒன்றும் இல்லை. வேண்டுமானால் ஊரில் வேறு ஒரு வயதான அம்மாவைப் பார்த்து அந்த வழக்கத்தைச் செய்யச் சொல்லலாமா என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து, வீடு கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். என் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்கு முந்திக்கொண்டு கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். சித்தூர் வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்றால், ஆளில்லாத வீட்டைக் காடு ஒரு மழைக்குள் தின்றுவிடும் என்கிறார் அவர். போக வேண்டும் என்று துடித்தவள் இங்கே இருக்கிறேன். போகவே மாட்டேன் என்றவர் போய்விட்டார்.

இப்போது நாங்கள் யாரும் உதறுவதில்லை. செம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கிளம்பும்போது கல்லில் கால் படாமல் ஓரமாக இறங்குகிறேன். ரோட்டுக்குப் போய் நின்றால் முன்பு இருந்த ஆசை வருவதில்லை, ஆனால் உள்ளேயும் இருப்புக்கொள்வதில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு வேளை தோன்றும். சொல்லாமல் எப்படி இருந்திருப்பேன் என்று மறுவேளை தோன்றும்.

அத்தை தினமும் சாயங்காலம் போன் செய்கிறார். என்ன குழம்பு, மழை உண்டா, பேத்தி பேசினாளா என்று கேட்பார். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் நான் பொறுக்கமாட்டாமல், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

போனில் அவருக்குப் பின்னால் போடிக் கடைத்தெருவின் பஸ் ஹாரன் கேட்டது.

"நேத்து பால் வாங்கக் கெளம்புனேன்த்தா" என்றார். "வாசல்ல நின்னு முந்தானைய ஒதறிட்டேன். கொண்டையையும் அவுத்துட்டேன். தம்பி பொண்டாட்டி பாத்துட்டு என்ன மதினி பண்றீகன்னு கேக்குறா. இங்க கல்லும் இல்ல, குழியும் இல்ல. தெரிஞ்சும் ஒதறுதே, இந்தக் கைய நான் என்னாத்தா செய்ய?"

மழை வருது, துணி எடுக்கணும் என்று சொல்லி போனை வைத்தேன்.